மீதி 76 வருஷம் எங்கே?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு ராத்திரியாகத் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டாளத்துத் தாத்தாவின் இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஏழு பேர் பேசினார்கள். அவர் ஐ.நா. அமைதிப் படையில் காங்கோ போனதைப் பேசினார்கள். 1948 ஜூன் 16இல் நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டதில் தொடங்கி, 1960 ஜூலை 31இல் மலாயா அவசரகாலம் முடிந்தது வரை பேசினார்கள். நல்லது. கடைசியில் "ஓய்வு நேரத்தில் மரம் செதுக்கிப் பொழுதைப் போக்கினார்" என்று ஒரே வரி. அடுத்து தேநீர்.

அவர் வாழ்ந்தது 88 வருஷம். சீருடை போட்டது 12 வருஷம். மீதி 76 வருஷம் எங்கே போனது?

பொழுதா போக்கினார்? எனக்குப் பத்து வயது இருக்கும்போது தோட்டத்தில் பால்மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) போட்டார்கள். தாத்தா தினமும் சாயங்காலம் சைக்கிளில் ஒரு கிளையாவது கட்டிக்கொண்டு வருவார். ரப்பர் கட்டையை அப்படியே போட்டு வைக்க முடியாது. மாவுச்சத்து அதிகம், சில நாளிலேயே நீலம் பூத்துவிடும், அப்புறம் வண்டு துளைக்கும். அன்றைக்கே பிளந்து, பிஸ்கட் தகரத்தில் போராக்ஸ் கலந்த தண்ணீர் ஊற்றி வேகவைப்பார். அடுப்புக்கு விறகு தள்ளுவது என் வேலை. பால் வெட்டித் தேய்ந்துபோன தன் அப்பாவின் உளியைத் தீட்டித் தீட்டி, அதாலேயே மீன்கொத்தி, மைனா, கொக்கு என்று செதுக்குவார். ஒவ்வொரு பறவையின் அடியிலும் அந்த மரம் நின்ற நெரையின் (மரவரிசையின்) எண்ணையும், சாய்த்த வருஷத்தையும் பொறித்து வைப்பார். காங்கோவைப் பற்றிக் கேட்டால் "ரொம்ப வெயில்மா" என்பார், அவ்வளவுதான். ஒரு மீன்கொத்தியின் அலகைப் பற்றிக் கேட்டால் ராத்திரிச் சாப்பாடு ஆறிவிடும்.

கோயில் திருவிழா நாடகத்துக்குப் படுதா வரைந்தவரும் அவர்தான். மௌத் ஆர்கன் வாசித்தார். தமிழ் நேசனுக்குக் கவிதை அனுப்பினார். 2019இல் பத்திரிகை நின்ற பிறகும் கேலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

"நாட்டுக்காக நின்றவரைப் பட்டாளத்துக்காரர் என்று சொன்னால் என்ன தப்பு?" என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. ஒவ்வொரு ஜூலை 31க்கும், வீரர்கள் தினத்துக்கு, அவர் பதக்கம் குத்திப் போகும் சட்டைக்கு இஸ்திரி போட்டவள் நான். எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமையோடு மீதி 76 வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

"செத்த வீட்டில் குறை சொல்லாதே" என்றார் ஒருவர். வேறு எப்போது சொல்வது? அடுத்த மாதம் கேட்க யார் இருப்பார்கள்?

"நீ என்ன ரத்த சொந்தமா?" என்றும் ஒருவர் கேட்டார். இல்லை. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பிள்ளை. தாத்தா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள், சரி. அந்தப் பறவைகள் எங்கே இருந்தன தெரியுமா? சமையல்கட்டுக்குப் பின்னால், கேஸ் தோம்புக்கு (சிலிண்டருக்கு)ப் பக்கத்தில், இரண்டு அரிசிச் சாக்கில். ஒரு கொக்குக்குக் கழுத்து முறிந்திருந்தது.

லயத்தை இடித்துவிட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். நம் அப்பா அம்மா விடியற்காலையில் எந்த நெரையில் நின்று பால் வெட்டினார்கள் என்று எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. அவர் எழுதி வைத்தார், பறவைக்கு அடியில். அதைப் போய்ப் பொழுதுபோக்கு என்கிறீர்களே.

கல்யாணம், காதுகுத்து என்று அவர் நிறையப் பேருக்குப் பறவை கொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் திருப்பிப் பாருங்கள். அடியில் இருக்கும் எண்ணையும் வருஷத்தையும் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன. மைனா, 14ஆம் நெரை. என் அம்மா வெட்டிய நெரை அது.