ஒன்றரை ஷிப்டுக்கு மேல் ஓர் அரை ஷிப்ட்

பனியன் கம்பெனிக்காரர்களைப் போலக் கணக்குப் பார்க்க ஆள் கிடையாது. நூல் கிலோ என்ன விலை, நிட்டிங் கூலி எவ்வளவு, சாயப் பட்டறைக்குப் போய் வந்தால் துணி எத்தனை சதவீதம் எடை குறையும், லேபிளுக்கு எத்தனை பைசா, பாலிபேக்குக்கு எத்தனை பைசா, எல்லாம் காஸ்டிங் ஷீட்டில் வரி வரியாக இருக்கும். பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர், அஞ்சு சென்ட் குறைக்கச் சொன்னால் எந்த வரியில் கை வைக்கலாம் என்று ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆனால் காலை எட்டரைக்கு ஓவர்லாக் மெஷினில் வந்து உட்காருகிற பெண் அதற்கு முன்பே மூன்று மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாளே, அதற்கு அந்த ஷீட்டில் ஒரு வரி உண்டா? கிடையாது. அது ஓசி. மோட்டார் போடாமலே வருகிற தண்ணி.

திருப்பூர் பக்கம் வராதவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே ஒரு ஷிப்ட் என்றால் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை, சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி நேரம். ஆனால் 'ஒரு ஷிப்ட்தான் பார்ப்பேன்' என்று சொல்லி வேலைக்கு வந்தால் சூப்பர்வைசர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். எல்லோரும் பார்ப்பது ஒன்றரை. டீ குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால் ராத்திரி 8.30 ஆகலாம், 9 ஆகலாம். தூத்துக்குடியில் கப்பல் காத்திருக்கிறது, தவறினால் சரக்கை விமானத்தில் ஏற்ற வேண்டும், லாபம் மொத்தமும் அதில் போய்விடும் என்றால் 'நைட்'டும் உண்டு. 5.30 முதல் 9 வரை மூன்றரை மணி நேரம். மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். அப்படிக் கொடுத்தால் ஏழு மணி நேரக் கூலி வர வேண்டும். பல இடங்களில் கைக்கு வருவது அரை ஷிப்ட், அதாவது நாலு மணி நேரக் கூலி. இந்தக் கொள்ளையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இன்றைக்கு என் வயிற்றெரிச்சல் 9 மணிக்கு அப்புறம் நடப்பதைப் பற்றி.

9 மணிக்கு மெஷின் நிற்கிறது. கம்பெனி வேன் இறக்கிவிடும்போது 9.20. புருஷனும் அதே மாதிரி ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு அதே நேரத்துக்குத்தான் வருகிறார். ரெண்டு பேருக்கும் ஒரே இடுப்பு வலி, ஒரே கண் எரிச்சல், மூக்குக்குள் ஒரே பஞ்சுத் தூசி. வாசல்படி தாண்டுகிற வரைக்கும் சமத்துவம். தாண்டியதும் அவர் லுங்கி கட்டுகிறார், அவள் அடுப்பைப் பற்ற வைக்கிறாள். "ஏன் புள்ள, இன்னும் சோறாகலையா?" என்று ஒரு குரல் வேறு. எப்படி ஆகும் சாமி? அரிசி தானாகக் குக்கருக்குள் நடந்து போகுமா?

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லா வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 88 நிமிடம் என்கிறது. உடனே நம் ஆட்கள் 'பரவாயில்லையே, நாங்களும் ஒன்றரை மணி நேரம் செய்கிறோமே' என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். அந்த 88 நிமிடம், வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டும். அன்றைக்கு வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களே நூறில் இருபத்தேழு பேர்தான். மீதி எழுபத்துச் சொச்சம் பேரின் சுழியத்தையும் சேர்த்து வகுத்தால் தலைக்கு இருபத்து நாலு நிமிடம் தேறும். டீக்கடையில் பேப்பர் படித்து முடிக்க அதைவிட அதிக நேரம் ஆகும்.

இந்த 289 நிமிடத்தைத் திருப்பூர் பாஷையில் சொன்னால் அரை ஷிப்டுக்கும் மேலே. நாடு முழுக்க எடுத்த சராசரி அது, வேலைக்குப் போகாத பெண்களும் அதில் அடக்கம். கம்பெனிக்குப் போகிறவளுக்கு நிமிடம் கொஞ்சம் குறையலாம், வேலை குறையாது. தூக்கத்தில் பிடித்தம் செய்துதான் முடிக்கிறாள். ஆக புருஷன் ஒன்றரை ஷிப்ட், பொண்டாட்டி இரண்டு ஷிப்ட். சனிக்கிழமைச் சம்பளக் கவரில் ரெண்டு பேருக்கும் ஒன்றரைதான்.

அந்த அரை ஷிப்டில் என்னதான் இருக்கிறது என்று கேட்கிற மகராசன்களுக்காக, மாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஞாயிறு காலை இட்லி அரிசி எட்டு டம்ளர், உளுந்து ரெண்டு டம்ளர் தனித்தனியாக ஊற வேண்டும், நாலு மணி நேரம். ரெண்டு லிட்டர் கிரைண்டரில் உளுந்து அரைய முக்கால் மணி. அதுவும் சும்மா போட்டுவிட்டுப் போக முடியாது. அஞ்சு நிமிடத்துக்கு ஒரு தரம் தண்ணி தெளித்துத் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் பொங்காது. அரிசி ஒரே தடவையில் கொள்ளாது, ரெண்டு ஈடு. அப்புறம் கல்லைத் தூக்கிக் கழுவ வேண்டும். அந்தக் கல்லை ஒரே ஒரு நாள் தூக்கிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். நடுவில் கரண்ட் போனால், அல்லது கார்ப்பரேஷன் தண்ணி அன்றைக்குப் பார்த்து வந்தால், கிரைண்டரை நிறுத்திவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும், உளுந்து சூடேறிச் சப்பையாகிவிடும். இப்படி அரைத்த மாவு புதன் வரைக்கும் இட்லி, வியாழன் புளித்த தோசை, வெள்ளிக்கிழமை கடையில் பாக்கெட் மாவு. பாக்கெட் மாவு வாங்கிய அன்றைக்குத்தான் மாமியாருக்கு அவள் சோம்பேறி என்று தெரியவரும்.

இது ஒரு சாமான். இதே மாதிரி துணி, தண்ணி, காம்பவுண்ட் வீட்டுப் பொதுக் கக்கூஸ் வரிசை, கேஸ் எப்போது தீரும் என்கிற நினைப்பு, பிள்ளையின் யூனிபார்ம் பட்டன். காலையில் 7.50-க்கு வேன். பத்து நிமிடம் பிந்தினால் சில கம்பெனிகளில் அரை மணிக் கூலி போச்சு. அதனால் 4.45-க்கு எழுந்தால்தான் கணக்கு சரிவரும். எழுப்புவது யார்? அவளேதான். அவரை எழுப்புவதும் அவளேதான், அது 6.45-க்கு.

ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததே காலை உணவுத் திட்டம், அது இந்தப் பெண்களின் காலையிலிருந்து ஒரு வேலையைக் கழற்றி வைத்தது. பெண்கள் தின மேடைப் பேச்சு எதுவும் செய்யாததை ஒரு தட்டு ரவா கிச்சடி செய்தது. ஆனால் அதுவும் அஞ்சாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புப் போனதும் அந்த வேலை மறுபடி அம்மா தலையில்.

மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வருகிறதே என்பார்கள். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை 'உரிமை' என்று பெயர் வைத்ததே பெரிது. ஆனால் 289 நிமிடத்தை முப்பது நாளால் பெருக்கினால் நூற்று நாற்பத்து நாலரை மணி நேரம். ஆயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. அதைப் பார்த்தே 'சும்மா உட்கார வெச்சுக் காசு குடுக்கறாங்க' என்று பேசுகிற வாய்களை என்ன செய்வது?

அடுத்து குழந்தை. இங்கேதான் எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதிக்கிறது. அங்கன்வாடி ரெண்டு வயதுக்கு மேல்தான் பிள்ளையை வைத்துக்கொள்ளும், சாயங்காலம் நாலு மணிக்குள் சாத்திவிடும். அம்மா வருவது 9.20. டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிற அப்பனுக்காக அரசாங்கம் 10 மணி வரை காத்திருக்கும், அந்த ஆளுடைய பிள்ளைக்காக அஞ்சு மணி வரைகூடக் காத்திருக்காது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள், 1976-ல் அந்த ஐம்பதை முப்பதாகக் குறைத்தார்கள். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது ஐம்பது பேர் வேலை பார்க்கிற இடத்தில் காப்பகம், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றார்கள். நாலு தடவை! லைனில் உட்கார்ந்திருப்பவளைக் கேளுங்கள். முப்பது மெஷின் வரிசை. தோள் சேர்ப்பவள் முடித்தால்தான் கழுத்துப்பட்டி வைப்பவளுக்குத் துணி போகும். நடுவில் ஒருத்தி கால் மணி எழுந்து போனால் அவள் முன்னால் பண்டல் மலையாகிவிடும், பின்னால் இருக்கிறவர்கள் சும்மா உட்காருவார்கள், மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியிருக்கிற டார்கெட் விழும். சூப்பர்வைசர் கத்துவது குழந்தையிடம் அல்ல, அவளிடம். நாலு தடவை போகலாம் என்று எழுதினால் மட்டும் போதாது. அந்த இடத்தை நிரப்ப ஒரு மாற்று டைலர் லைனில் இருக்க வேண்டும். மாற்று ஆளுக்குச் சம்பளம் எந்த வரியில் ஏறும்? அதற்கும் காஸ்டிங் ஷீட்டில் இடமில்லை. அதனால் காப்பகம் என்று போர்டு தொங்குகிற அறையில் பல இடங்களில் அட்டைப்பெட்டிதான் தூங்குகிறது. ஆடிட்டுக்கு ஆள் வருகிற அன்று பெட்டி வெளியே போகும், தொட்டில் உள்ளே வரும்.

ஆக, பிள்ளை ஊருக்குப் போகிறது. தேனியோ திண்டுக்கல்லோ ராமநாதபுரமோ, பாட்டியிடம். சனிக்கிழமைச் சம்பளம் வாங்கிய கையோடு பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டியில் இடம் பிடிக்க முண்டுகிற கூட்டத்தைப் பாருங்கள், அதில் எத்தனை அம்மாக்கள் என்று. ஞாயிறு ஒரு பகல் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திங்கள் காலை மெஷினில் இருக்க வேண்டும். அந்த வாரம் மாவு அரைக்கவில்லை என்பதற்கும் வீட்டில் பேச்சு வாங்குவாள்.

பிள்ளையை ஊருக்கு அனுப்பாமல் இங்கேயே பெற்று வளர்க்கிறவள் மூன்று வருடம் வீட்டில் இருக்கிறாள். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ-யில் பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி உண்டே என்றால், அதற்கும் நிபந்தனை உண்டு. முந்தைய ரெண்டு சந்தா காலத்தில் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) குறைந்தது எழுபது நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் பேரைச் சேர்க்காமல் விட்டாலோ, சேர்த்துவிட்டு நாலு நாளைக்கு ஒரு நாள் என்று குறைத்துக் காட்டினாலோ, அவளுக்கு அது தெரியவருவது ஏழாம் மாதம் கவுண்டரில் நிற்கும்போது. கல்யாணம் ஆன கையோடு காப்பீட்டு எண்ணை வைத்துச் சந்தா நாட்களைச் சரிபாருங்கள் பெண்களே. சீர்வரிசைப் பாத்திரத்தை எண்ணிப் பார்க்கிற வீட்டில் இதை எண்ணிப் பார்க்க ஒருத்தரும் இல்லை.

மூன்று வருடம் கழித்துத் திரும்பினால் டைலர் வேலை இல்லை. கை வேகம் போயிருக்கும், லைனில் ஏற்ற மாட்டார்கள். செக்கிங், கைமடிப்பு, பிசிறு வெட்டுவது, அதாவது கூலி குறைந்த வேலை. இதற்குள் புருஷன் டைலரிலிருந்து கான்ட்ராக்ட் எடுக்கிற அளவுக்குப் போயிருப்பார். அப்புறம் 'அவள் சம்பளம் குறைவுதானே, பிள்ளைக்கு முடியலைன்னா அவளே லீவு போடட்டும்' என்று ஒரு நியாயம் வேறு பிறக்கும். அவளுடைய கூலியைக் குறைத்தது எது? அந்த லீவுதான். லீவு அவள் தலையில் விழுவது எதனால்? கூலி குறைவு என்பதால். செக்குமாடு இதைவிட நேராக நடக்கும்.

அரசாங்க வேலையிலாவது வேறு மாதிரியா? மத்திய அரசில் பிள்ளை வளர்ப்பு விடுப்பு 730 நாள். பெண்ணுக்கு உண்டு. ஆணுக்கும் உண்டு, ஆனால் தனியாளாகப் பிள்ளை வளர்க்கிறவனாக இருந்தால் மட்டும். பொண்டாட்டி இருக்கிற வரைக்கும் பிள்ளை வளர்ப்பு ஆணுடைய வேலை இல்லை என்று சர்க்காரே எழுதிக் கொடுத்திருக்கிறது. தந்தைக்கு இருப்பது 15 நாள். தனியாரில் அதற்குக்கூடச் சட்டம் கிடையாது.

ஆண்களைத் திட்டுவது மட்டும்தான் நோக்கமா என்றால், இல்லை. பன்னிரண்டு மணி நேரம் இஸ்திரி டேபிளில் நின்று ஆவியில் வெந்து வருகிறவனுக்குக் கரண்டி பிடிக்கத் தெம்பு இருக்காது என்பது நிஜம். ஆனால் அதே பன்னிரண்டு மணி நேரம் அவளுக்கு மட்டும் எந்த டானிக்கில் தெம்பு ஊறுகிறது? 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, எதிர்ப்பு கிளம்பியது, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். நல்லது. பின்னலாடை ஊர் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே பன்னிரண்டில்தான் ஓடுகிறது, இன்றைக்கும் அதில்தான் ஓடுகிறது. அந்தச் சண்டை நடந்த பத்து நாளும் உடம்பு தாங்குமா, மிகைநேரக் கூலி போய்விடுமா என்று கத்தினார்கள், சரிதான். இந்த நேரத்தில் வீட்டில் உலை வைப்பது யார் என்கிற கேள்வி யார் வாயிலிருந்தும் பெரிதாகக் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டீச்சர் போன் அடிப்பது அம்மா நம்பருக்கு. தைக்கிற ஹாலுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அது லாக்கரில் கிடக்கும். ஒரு மணிச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தால் ஏழு மிஸ்டு கால். பதிவேட்டில் அப்பா நம்பரும் பக்கத்திலேயே இருக்கிறது. கான்ட்ராக்டர், போன் எந்நேரமும் சட்டைப் பையில். அந்த நம்பருக்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

"அவரு வேலையில இருப்பாருங்களே..."