ஹுப்ரிஸ் என்றால் ஆணவம் அல்ல

'ஹுப்ரிஸ்' என்ற கிரேக்கச் சொல் தமிழுக்கு வரும்போதெல்லாம் 'ஆணவம்' என்றோ 'இறுமாப்பு' என்றோதான் வருகிறது. தெய்வத்தை மதிக்காமல் தலைகனத்து நடந்தவன் வீழ்ந்தான் என்று ஒரு வரி விளக்கம், கூடவே சூரியனுக்கு அருகில் பறந்து இறக்கை உருகிய இகாரஸின் கதை. இந்த வாரமும் ஒரு கட்டுரையில் படித்தேன். மனம் ஆறவில்லை. ஆணவம் ஒருவன் நெஞ்சுக்குள்ளேயே இருந்துவிடலாம், அதற்கு இன்னொருவர் தேவையில்லை. ஹுப்ரிஸுக்கோ எதிரில் அவமானப்பட ஓர் ஆள் வேண்டும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். அரிஸ்தோன் என்ற இளைஞன் எல்லைக் காவலுக்குப் போகிறான். பக்கத்துக் கூடாரத்தில் கோனோன் என்பவனின் மகன்கள். பகலிலேயே குடிக்கத் தொடங்கிவிடுகிறவர்கள். சமைக்கும்போது புகை வருகிறது என்று சாக்குச் சொல்லி அரிஸ்தோனின் அடிமைகளை அடிக்கிறார்கள், மலச்சட்டியை அவர்கள் தலையில் கவிழ்க்கிறார்கள், மேலே சிறுநீர் கழிக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு ஒரு மாலை நேரம், அரிஸ்தோன் நண்பனோடு சந்தைத் திடலில் உலாவிக்கொண்டிருக்கும்போது கோனோனே மகனையும் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டு வந்து மடக்குகிறான். மேலாடையைப் பறித்து, சேற்றில் தள்ளி, ஏறி மிதிக்கிறார்கள். உதடு கிழிகிறது, கண்கள் வீங்கி மூடிக்கொள்கின்றன. எழவும் பேசவும் முடியாமல் கிடக்கிறான். அப்போது ஐம்பது வயது தாண்டிய அந்தக் கோனோன், சண்டையில் வென்ற சேவலைப் போலக் கூவுகிறான். முழங்கைகளை இறக்கையாக்கி விலாவில் அடித்துக்கொள்ளச் சொல்லி மற்றவர்கள் உசுப்பேற்றுகிறார்கள்.

மிதித்ததும் உதடு கிழிந்ததும் சாதாரண அடிதடி வழக்கிலேயே அடங்கிவிடும். அதை ஹுப்ரிஸ் ஆக்குவது அந்தச் சேவல் கூவல்.

கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: தனக்கு ஆதாயம் ஏதுமின்றி, பழிவாங்கலாகவும் இல்லாமல், இன்பத்துக்காக மட்டுமே இன்னொருவர் வெட்கும்படி செய்வதும் சொல்வதும் ஹுப்ரிஸ். மற்றவரை இழிவுபடுத்தினால் தாம் உயர்ந்துவிட்டதாக நினைப்பவர்கள் இதைச் செய்கிறார்கள், இளைஞர்களும் பணக்காரர்களும் அதிகம் செய்கிறார்கள் என்கிறார். துன்பியல் நாடக நாயகனின் வீழ்ச்சிக்கு அவர் சொன்ன காரணமோ 'ஹமார்டியா', அதாவது பிழை. பாடப்புத்தகங்கள் இரண்டையும் குழப்பிவிட்டன.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு கல்யாணப் பந்தி நினைவுக்கு வந்தது. சாம்பார் வாளியோடு வந்த பையன் ஒருவரின் பட்டு வேட்டியில் ஒரு துளி சிந்திவிட்டான். அவர் எழுந்து கன்னத்தில் அறைந்தார். பிறகு உட்கார்ந்து, பக்கத்து இலைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. அதற்கு ஆணவம் என்று பெயர் வைத்தால் பையன் காணாமல் போய்விடுகிறான்.

சரி, தமிழில் இதற்குச் சொல்லே இல்லையா? இருக்கிறது: கொழுப்பு. கிரேக்கர்களும் அப்படியேதான் யோசித்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 'கோரோஸ்' என்றால் வயிறு நிறைந்து தெவிட்டும் நிலை. கோணல் புத்திக்காரனுக்குப் பெருஞ்செல்வம் சேர்ந்தால் கோரோஸ் ஹுப்ரிஸைப் பெற்றெடுக்கும் என்று கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸின் கவிஞரும் சட்டம் இயற்றியவருமான சோலோன் பாடியிருக்கிறார். உரம் மிகுந்து இலையும் கொடியுமாக மதர்த்து, காய்க்காமல் நிற்கும் செடியையும் அவர்கள் ஹுப்ரிஸ் என்ற சொல்லாலேயே குறித்தார்கள். நண்டு கொழுத்தால் வளையில் இராது என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். தெய்வம் பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறது. ஹோமரின் ஒடிசி காவியத்தில் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே வரும் நாயகன் ஒடிசியஸ் மீது, அவன் மனைவியை மணக்க வந்து அங்கே உட்கார்ந்து தின்று தீர்க்கும் ஆண்டினூஸ் கால்மணையை எறிகிறான். அது வலது தோளில் படுகிறது. அவனைப் போலவே அங்கே தின்றுகொண்டிருப்பவர்கள்கூடப் பதறுகிறார்கள்: தெய்வங்கள் அயலார் வேடத்தில் ஊர் ஊராக வந்து மனிதரின் ஹுப்ரிஸையும் நல்லொழுங்கையும் பார்ப்பதுண்டு, இவன் அப்படி ஒருவனாக இருந்தால் என்ன செய்வாய்? வந்தவரும் இரப்பவரும் தெய்வங்களின் தலைவனான ஜீயஸின் ஆட்கள் என்பது அவர்களது நம்பிக்கை. எனவே பிச்சைக்காரனை அடித்தால் அது ஜீயஸிடம் போய்ச் சேரும். துன்பியல் நாடக ஆசிரியர் எஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகத்திலும் (கி.மு. 472) பாரசீக மன்னன் தாரியஸின் ஆவி செடியைத்தான் சொல்கிறது: ஹுப்ரிஸ் பூத்தால் கதிராக விளைவது கேடு, அறுவடையாவது கண்ணீர்.

ஏதென்ஸில் இது சட்டமாகவும் இருந்தது. பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம். ஊருக்கே இழைத்த தீங்காக அதைக் கருதினார்கள். மரண தண்டனைவரை விதிக்க முடியும். சிறுவர், பெண், ஆண், சுதந்திரர், அடிமை என யாருக்கு இழைத்தாலும் குற்றம் என்கிறது சட்டம். அடிமைக்குமா என்று நான் திரும்பப் படித்தேன். ஏதென்ஸின் புகழ்பெற்ற பேச்சாளர் டெமஸ்தெனிஸ் அதைப் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார். ஆனால் அந்த அடிமை தானே வழக்குத் தொடுக்க முடியாது, சித்திரவதை செய்து வாங்கினால்தான் அவர் சாட்சியம் செல்லும். அந்தப் பெருமையை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அரிஸ்தோன்கூட ஹுப்ரிஸ் வழக்குப் போடவில்லை. உன் வயதுக்கு அந்தப் பெரிய வழக்கு வேண்டாம் என்று வேண்டியவர்கள் சொல்ல, அடிதடி வழக்கோடு நின்றான். ஹுப்ரிஸ் வழக்கில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்காவிட்டால் தொடுத்தவர் 1,000 திராக்மா தண்டம் கட்ட வேண்டும். ஒரு கைவினைஞரின் நாள் கூலி இரண்டு திராக்மாவை ஒட்டித்தான் இருந்தது.

அரிஸ்தோனுக்கு வாதவுரை எழுதிக்கொடுத்த டெமஸ்தெனிஸும் அடிபட்டவர்தான். கி.மு. 348 வாக்கில், டயோனிசஸ் திருவிழாவில், நிறைந்த அரங்கில், மெய்டியாஸ் என்ற செல்வந்தன் அவர் முகத்தில் குத்தினான். அதைப் பற்றிய உரையில் அவர் சொல்வதன் சாரம் இது: அடித்தவன் நின்ற தோரணை, பார்த்த பார்வை, பேசிய குரல், இவற்றில் சிலவற்றை அடிபட்டவரால் இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லக்கூட முடியாது.

மொழிபெயர்ப்பு செய்யும் நண்பர்களே, கொழுப்பு என்று எழுதக் கூச்சமாக இருந்தால் ஹுப்ரிஸ் என்றே விட்டுவிடுங்கள். ஆணவம் மட்டும் வேண்டாம்.