ரங்கூன் போனவுக வீட்டுப் பேரன்

(கானாடுகாத்தான், 2019, வைகாசி வெயில். வளவு வாசலில் மோர்மிளகாய் காய்கிறது. அப்பத்தா கையில் காக்கா விரட்டும் குச்சி. லண்டனிலிருந்து லீவுக்கு வந்த பேரன் பக்கத்தில் வந்து உட்காருகிறான்.)

பேரன்: அப்பத்தா, ஆடி மாசம் நான் கார்லயே மங்கோலியாப் பக்கம் போறேன்.

அப்பத்தா: அங்க யாருக்குடா கல்யாணம்?

பேரன்: கல்யாணமில்ல. மங்கோல் ராலி. ஐரோப்பாவுல கெளம்பி 16,000 கிலோமீட்டர் ஓட்டணும்.

அப்பத்தா: பரிசு எவ்வளவு?

பேரன்: பரிசெல்லாம் கெடையாது. நாமதான் காசு கட்டணும்.

அப்பத்தா: (குச்சியைக் கீழே வைத்துவிட்டு) மொதல்ல வர்றவனுக்குக் கூடவா கெடையாது?

பேரன்: இது பந்தயமே இல்ல அப்பத்தா. வழியும் சொல்ல மாட்டாக. கார் நின்னா நம்ம பாடு. 2004-ல மொத தடவை ஆறு டீம் கெளம்பி நாலுதான் போய்ச் சேந்துச்சு.

அப்பத்தா: குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடக்குறோமே, அதுல மோர்ப்பந்தல் உண்டு, தங்க எடம் உண்டு, முன்னாடி வேல் போகும். இதுல முன்னாடி என்ன போகுது?

பேரன்: கூகுள் மேப்பு. அதுவும் பாதி எடத்துல போகாது.

அப்பத்தா: அப்ப நல்ல காராவாச்சும் வாங்கு.

பேரன்: கூடாது. எஞ்சின் ஒரு லிட்டர்தான். ஓட்டை வண்டியா இருந்தா விசேஷம்.

அப்பத்தா: நம்ம வீட்டு எண்ணெய்த் தூக்கே ரெண்டு லிட்டர் பிடிக்குமேடா!

பேரன்: அதை வச்சுத்தான் தஜிகிஸ்தான்ல பாமீர் மலை ஏறணும். ஒரு கணவாய் 4,655 மீட்டர். ரெண்டு கொடைக்கானலை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குனாலும் எட்டாது.

அப்பத்தா: யாரு, நீயா? வத்தலக்குண்டு தாண்டங்காட்டியும் என் பட்டுச்சேலை முந்தியில வாந்தி எடுத்தவன்.

பேரன்: அப்ப எனக்கு ஆறு வயசு.

அப்பத்தா: சேலைக்கு ஆறு நாளு. சரி, மங்கோலியாவுல எங்க தங்குவ?

பேரன்: பேருதான் மங்கோல். முடியுறது ரஷ்யாவுல, உலான் உதேன்னு ஒரு ஊரு.

அப்பத்தா: காரைக்குடிக்கு டிக்கெட்டு வாங்குனவனைத் தேவகோட்டையில எறக்கிவிட்ட கதையாவுல இருக்கு! உங்க பாட்டையா ரங்கூன் போறேன்னாக, ரங்கூன்லதான் எறங்குனாக. வரும்போது தேக்கு வந்துச்சு, பெல்ஜியம் கண்ணாடி வந்துச்சு, பீங்கான் வந்துச்சு. நீ என்னத்தக் கொண்டாருவ?

பேரன்: ஒண்ணுமில்ல. கார்கூட இல்லாம பிளேன்ல வந்துருவேன்.

(அப்பத்தா ஒரு மிளகாயைத் திருப்பிப் போடுகிறார். இன்னொன்றையும்.)

அப்பத்தா: இந்த வீட்டுல வெளிநாடு போயி வெறுங்கையோட வர்ற மொத ஆளு நீதான்.

பேரன்: 1942-ல பாட்டையா எல்லாத்தையும் விட்டுட்டு பர்மாவுல இருந்து நடந்தே வந்தாகளே?

அப்பத்தா: அது ஜப்பான்காரன் குண்டு போட்டான், வந்தாக. உனக்கு எவன்டா போட்டான்?

பேரன்: தர்மத்துக்குப் போறேன் அப்பத்தா. ஒரு டீம் கொறஞ்சது 1,000 பவுண்டு வசூல் பண்ணணும். பாதி, மழைக்காட்டை வெட்ட விடாமக் காப்பாத்துற கூல் எர்த்துங்குற அமைப்புக்கு. மிச்சம் நமக்குப் பிடிச்ச தர்மத்துக்கு.

அப்பத்தா: காட்டை வெட்டக் கூடாதுன்னா?

(இருவரும் முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்க்கிறார்கள்.)

பேரன்: பதினாறு. காலையிலதான் எண்ணுனேன்.

அப்பத்தா: மெதுவாப் பேசு, தூணுக்குக் கேக்கும். இதுவரைக்கும் எவ்வளவு சேந்துச்சு?

பேரன்: 40 பவுண்டு. அதுல 20 நான் போட்டது.

அப்பத்தா: உள்ள பெட்டகத்துல செவப்புத் துணி சுத்துன நோட்டு கெடக்கும், எடுத்தா.

பேரன்: மொய் நோட்டா?

அப்பத்தா: யாரு வீட்டுக்கு என்ன செஞ்சோம்னு எல்லாம் அதுல இருக்கு. பாதிப்பேரு திருப்பிச் செய்யல. நீ கல்யாணமும் பண்ணிக்க மாட்டேங்குற, நான் எந்தக் காலத்துல வசூல் பண்றது? மொதல்ல அந்தப் பள்ளத்தூர் வீட்டுக்குப் போனைப் போடு.

பேரன்: போட்டு என்னன்னு சொல்ல?

அப்பத்தா: வீட்டுல விசேஷம்னு மட்டும் சொல்லு. என்ன விசேஷம்னு கேட்டா, போனை எங்கிட்டக் குடு.