அவர் பாய் இழைத்துக்கொண்டிருந்தார்

மூன்று நாட்களாக எல்லோருடைய பக்கத்திலும் அந்தக் காணொளிதான். யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு குடிலின் வாசலில் வயதான அம்மா ஒருவர் பன் பாய் இழைத்துக்கொண்டிருக்கிறார். (பன் என்றால் தண்ணீரில் வளரும் ஒருவகைக் கோரை.) பின்னணியில் சோகமான புல்லாங்குழல். முடிவில் எழுத்துகள் வருகின்றன: "இவரைப் பாருங்கள். உங்களுக்குக் கிடைத்த வாழ்க்கைக்கு நன்றி சொல்லுங்கள்."

அந்தக் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த அம்மா அழவில்லை. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். சாயம் போட்ட சிவப்புப் பன்னை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கிறார். வரிசை சரியாக வந்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். கைவேலை மனதுக்குப் பிடித்தபடி அமைந்த ஒருவரின் முகம் அது. அதன்மேல் புல்லாங்குழலை ஊற்றியதும் அவர் "பாவம்" ஆகிவிட்டார்.

இன்னொருவரைக் கீழே நிறுத்திப் பார்த்தால்தான் எனக்கு நன்றி வரும் என்றால், அது நன்றியே இல்லை. "நல்லவேளை, நான் அவரில்லை" என்ற நிம்மதி, அவ்வளவுதான்.

என் பெத்தாவும் பாய் இழைத்தவர்தான். (வெளியூர் நண்பர்களுக்கு: பெத்தா என்றால் பாட்டி.) விடியுமுன் போய் இடுப்பளவு தண்ணீரில் நின்று பன் வெட்டுவார். காய வைப்பார், சாயம் காய்ச்சுவார், பிறகுதான் இழைக்க உட்காருவார். வேளாண்மைக் காலத்தில் களவெட்டியில், அதாவது நெல் சூடடிக்கும் களத்தில், நிற்பார். அங்கே நெல்லை நெல் என்று சொல்ல எங்களை விடமாட்டார். "பொலி" என்றுதான் சொல்ல வேண்டும்; பெருகட்டும் என்ற சொல் அது. வெள்ளம் பாதியைக் கொண்டுபோன வருடத்திலும் அதே சொல்தான், அதே குரல்தான். புது அரிசியில் முதல் பானை கண்ணகி அம்மனுக்குப் போன பிறகுதான் எங்களுக்குச் சோறு. பக்கத்து வட்டையில் (வயல்வெளியில்) இதைவிடக் குறைவாக விளைந்தது என்று பார்த்து அவர் கும்பிடவில்லை. விளைந்ததற்காகக் கும்பிட்டார்.

"வறுமையை அழகாக்குகிறாய்" என்று சொல்லப் போகிறீர்கள். இல்லை. யானை வந்து வேலியை முறிக்கும் இரவில் யாரும் மகிழ்ச்சியாக இருப்பதில்லை. கோடையில் கிணறு வற்றினால் குடத்தோடு நடப்பவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். நானும் அப்படி நடந்தவள். தண்ணீரும் வீதியும் மருத்துவரும் அந்த மக்களின் உரிமை. அதைக் கேட்டு ஒரு காணொளி போடுங்கள், முதல் ஆளாக நானே பகிர்கிறேன். "அதனால் அவருக்கு உதவி கிடைத்ததே" என்பவர்களுக்கு: கிடைக்கட்டும், சந்தோசம். "கல்வீட்டில் இருந்துகொண்டு பேசுகிறாய்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் தம்பி தோகாவில் ஆறு பேர் தங்கும் அறையில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வைத்துவிட்டுச் சட்டியை எனக்குக் காணொளி அழைப்பில் காட்டுவான். அந்த முகத்தில் இருப்பதும் மகிழ்ச்சிதான். கனடாவில் இருக்கும் அக்கா பனிக்குள் வேலைக்குப் போய் வந்து தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி பேசும்போது, அவள் குரலிலும் அது இருக்கிறது. எது உயர்ந்தது என்று யார் அளப்பது?

நேற்று என் மகள் கேட்டாள்: "அம்மா, உங்கள் பெத்தாவும் பாவமா?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. காரணம் இருக்கிறது. உயர்தரம் படிக்க நகரத்துக்கு வந்து விடுதியில் சேர்ந்தபோது பெத்தா இழைத்த பாயைத்தான் சுருட்டிக்கொண்டு வந்தேன். ஒரு தோழி, நல்ல மனதோடுதான், "படுவான்கரைப் பிள்ளை பாவம்" என்று தன் பழைய போர்வையைத் தந்தாள். அன்றிலிருந்து ஊர் எது என்று கேட்டால் ஆரையம்பதி (வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கத்து ஊர்) என்று பொய் சொன்னேன். ஒருநாள் பெத்தா பார்க்க வந்தார். யார் என்று கேட்டவர்களிடம் "ஊரில் தெரிந்தவர்" என்றேன். அவர் காதில் விழுந்தது. ஒன்றும் பேசாமல் கொண்டுவந்த தயிர்ச்சட்டியைத் தந்துவிட்டுப் போனார். ஒரு "பாவம்" பதினேழு வயதுப் பிள்ளையை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குடிலிலும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடமும் கைப்பேசி இருக்கும்.

2004 டிசம்பரில் கடல் வந்த மறுநாள், விற்பதற்கு வைத்திருந்த பதினான்கு பாய்களையும் பெத்தா கட்டி எடுத்தார். அப்போது மண்முனையில் பாலம் இல்லை; 2014இல்தான் வந்தது. பாதையில் (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவையில்) ஏற்றி வாவியைக் கடந்து கொண்டுவந்து, கடலோரக் கல்லடிப் பக்கத்து மக்கள் தங்கியிருந்த முகாமில் கொடுத்தார். "மனே, வெறும் தரையில் பிள்ளைகளைப் படுக்க விடக் கூடாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வீடு இழந்தவர்களைப் பார்த்து, தன் குடில் தப்பியதற்கு நன்றி சொல்லிக்கொண்டும் அவர் நிற்கவில்லை. அன்றும் அவருக்கு வேலை இருந்தது. திரும்பிப் போய்ப் பதினைந்தாவது பாயைத் தொடங்கினார்.

இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். விடுதியில் நான் சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான்.

காணொளி எடுத்தவருக்கு ஒன்று கேட்க வேண்டும். நான்கு நிமிடம் ஓடுகிறது. அதில் அந்த அம்மாவின் பெயர் இல்லை. அந்தப் பாய் என்ன விலை என்று நீங்கள் கேட்கவும் இல்லை. அவர் அதை விற்பதற்காகத்தான் இழைத்துக்கொண்டிருந்தார்.