விமானப் பணியாளருக்கு மாதம் 80 மணி நேரம்தான் வேலையா?

"புதிய மலிவுக் கட்டண விமான நிறுவனத்தில் கேபின் பணியாளராகச் சேர்ந்தால் மாதம் 80 மணி நேரம்தான் வேலை, மீதி நாளெல்லாம் ஓய்வு" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

அந்த 80 என்பது பறக்கும் நேரம் மட்டுமே. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும்வரைதான் அந்தக் கணக்கு. பறப்பதற்கு முந்தைய கூட்டம், பாதுகாப்புச் சோதனை, பயணிகளை ஏற்றி இறக்குவது, அடுத்த பயணத்துக்குள் கேபினை ஒழுங்குபடுத்துவது, தாமதமான விமானத்துக்காகக் காத்துக் கிடப்பது எதுவும் அதில் வராது. மலிவுக் கட்டண நிறுவனங்களில் ஒரே நாளில் நான்கு குறும்பயணங்கள் சாதாரணம். பயணம் கூடக் கூட, கணக்கில் ஏறாத இந்த உழைப்பும் கூடும்.

ஐரோப்பிய ஒன்றிய விதியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். தொடர்ச்சியான 28 நாளில் பறக்கும் நேரம் 100 மணியைத் தாண்டக் கூடாது. மொத்தப் பணி நேரத்துக்கோ உச்சவரம்பு 190 மணி.

சம்பளமும் பல நிறுவனங்களில் பறக்கும் நேரத்தை ஒட்டியே அமைகிறது. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் பயணிகளை ஏற்றும் (போர்டிங்) நேரத்துக்குச் சம்பளம் தரத் தொடங்கியதே 2022-இல்தான், அதுவும் மணிநேரச் சம்பளத்தில் பாதி. உழைப்பவர்களுக்கு இது நியாயமே இல்லை.

வேலை விளம்பரத்தில் வரும் தொகையில் அடிப்படைச் சம்பளத்தோடு பறக்கும் நேரத்துக்கான படி (அலவன்ஸ்), விற்பனைக் கமிஷன் எல்லாம் சேர்ந்திருக்கலாம். பயணம் குறைந்த மாதத்தில் அவை சுருங்கிவிடும். ஆகவே அடிப்படை எவ்வளவு, பயிற்சிச் செலவு யாருடையது, அழைத்தால் வரத் தயாராக இருக்க வேண்டிய ஸ்டாண்ட்பை நாளுக்குப் பணம் உண்டா என்பதைக் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.