நீதிபதி வாய்மொழியாகச் சொன்னதை எழுதினால் அவமதிப்பா?

“தீர்ப்பு வரும்வரை நீதிபதி விசாரணையில் பேசியதைச் செய்தியாக்கக் கூடாது, அது நீதிமன்ற அவமதிப்பு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

இந்தக் கேள்வி 2021இல் உச்ச நீதிமன்றத்திலேயே எழுந்தது. கொரோனா காலத் தேர்தல் பிரசாரம் குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்தை வாய்மொழியாகக் கடுமையாகச் சாடியது. அத்தகைய கருத்துகளை ஊடகங்கள் வெளியிடத் தடை கேட்டது தேர்தல் ஆணையம். மே 6 அன்று நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு அதை மறுத்தது. சமூக வலைதளங்களில் உடனுக்குடன் பதிவிடுவதும் கருத்துரிமையின் நீட்சியே என்றது. நேர்மையான, துல்லியமான விசாரணைச் செய்தி அவமதிப்பாகாது என்று 1971ஆம் ஆண்டின் அவமதிப்புச் சட்டம், பிரிவு 4 ஏற்கெனவே சொல்கிறது.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: வாய்மொழிக் கருத்து நீதிமன்றப் பதிவின் பகுதி அல்ல. செய்திகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். வழக்கறிஞரைச் சோதிக்க நீதிபதி கேட்கும் கேள்வி, “நீதிமன்றம் அதிரடி உத்தரவு” என்ற தலைப்பாகிவிடுகிறது. “கேள்வி எழுப்பினார்” என்று எழுதுங்கள். கையொப்பமிட்ட உத்தரவு வந்தபின் மட்டும் “உத்தரவிட்டார்”.

உண்மையான தடைகள் வேறு. பாலியல் வன்கொடுமை வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். அனுமதியின்றி அந்த நடவடிக்கைகளை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 73இன்படி குற்றம். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் குழந்தையின் பெயர், பள்ளி, குடும்பம், ஊர்ப்பகுதி எதுவும் வரக்கூடாது. குறிப்பிட்ட வழக்கில் செய்தியைத் தள்ளிவைக்கும் உத்தரவும் வரலாம் (உச்ச நீதிமன்றத்தின் சஹாரா வழக்குத் தீர்ப்பு, 2012); ஆனால் அது குறுகிய காலத்துக்கே.