எல்லாம் வேலை செய்யும் சார்!

"எச்டிஎம்ஐ இருக்கு சார், கேமராவை நேரா சொருகிட வேண்டியதுதான்." பழைய லேப்டாப் விற்கிறவர்களில் இந்த வசனத்தைச் சொல்லாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

சொருகினால் என்ன ஆகும்? ஒரு மண்ணும் ஆகாது. கேமராவில் இருக்கிற எச்டிஎம்ஐ ஓட்டை படத்தை வெளியே தள்ளும். லேப்டாப்பில் இருக்கிற எச்டிஎம்ஐயும் டிவிக்கோ புரொஜெக்டருக்கோ வெளியே தள்ளத்தான். இரண்டு பேரும் கொடுக்க மட்டுமே நின்றால் வாங்குவது யார்? படத்தை உள்ளே வாங்குகிற வசதி சாதாரண லேப்டாப்பில் கிடையாது. நாள் முழுக்க இதையே விற்கிறவருக்கு இது தெரியாதாம். நாம் நம்ப வேண்டுமாம்.

சரி, படத்தை லேப்டாப்புக்குள் வாங்கித் தருகிற கேப்சர் கார்டு வாங்கு என்பார்கள். கல்யாண லைவ் எடுக்கிற எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குக் கட்டுப்படியாவது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற, யூஎஸ்பியில் சொருகுகிற குட்டி டாங்கிள்தான். பெட்டியின் முன்னால் கொட்டை எழுத்தில் '4கே'. பின்னால் பொடி எழுத்தில், உள்ளே வாங்குவது 4கே, வெளியே தருவது அதைவிடத் தரம் குறைந்த 1080. முனையில் நீல பிளாஸ்டிக் வேறு. நீலம் என்றால் வேகமான யூஎஸ்பி 3 என்றுதானே யாரும் நினைப்பார்கள்? உண்மையான யூஎஸ்பி 3 முனையில், வழக்கமான நான்கு பட்டைகளுக்கு மேல் இன்னும் ஐந்து சின்னத் தொடுமுனைகள் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். வெறும் நான்கு! சாயத்தொட்டியில் விழுந்து எழுந்த நரியேதான்.

இது வெறும் நிறப் பிரச்சினை இல்லை. 1080 படத்தை நொடிக்கு 30 பிரேம் கணக்கில் சுருக்காமல் அனுப்பினால் கிட்டத்தட்ட 1,000 மெகாபிட் வரும். யூஎஸ்பி 2-இன் உச்ச வேகமே 480, அதுவும் காகிதத்தில். அதனால் டாங்கிள் ஒவ்வொரு பிரேமையும் நசுக்கித்தான் அனுப்புகிறது. பட்டுப்புடவையின் ஜரிகை சதுரம் சதுரமாகக் கலங்குவது அதனால்தான். "லென்ஸைத் துடைங்க தம்பி" என்கிறார் மாப்பிள்ளையின் மாமா. லென்ஸை எத்தனை முறை ஐயா துடைப்பது?

ஒரு போர்ட்டைப் பலதாக்கித் தருகிற ஹப்பில் இரண்டு டாங்கிளை மாட்டினால் அந்த 480-ஐத்தான் இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சரியாகக் கெட்டிமேளம் முழங்கும்போது ஒரு கேமரா இருட்டிவிட்டது. போதாக்குறைக்கு, லைவ் ஓட்டுகிற ஓபிஎஸ் மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே பெயர், 'யூஎஸ்பி வீடியோ'. கழற்றி மாட்டினால் மேடை தெரிய வேண்டிய இடத்தில் பந்தி ஓடுகிறது. தாலி கட்டுவதைப் பார்க்க கனடாவில் தூங்காமல் உட்கார்ந்திருந்த பெண்ணின் அத்தை பார்த்தது சாம்பார் வாளியை. மிச்சப் பணம் கேட்கப் போனபோது பெண்ணின் அப்பா அதைத்தான் முதலில் எடுத்தார்.

டைப்-சி கதை இன்னும் மோசம். ஒரே மாதிரி ஓட்டை, ஆனால் ஒன்றில் சார்ஜ் ஏறும், ஒன்றில் டேட்டா மட்டும் போகும், ஒன்றில் மானிட்டரும் வேலை செய்யும். எது எது என்று பக்கத்தில் ஒரு குறி போட்டால் குறைந்தா போவார்கள்? பேர் மாற்ற மட்டும் நேரம் இருக்கிறது. யூஎஸ்பி 3.0, அப்புறம் 3.1 ஜென் 1, அப்புறம் 3.2 ஜென் 1, மூன்றும் அதே 5 ஜிகாபிட்தான். புது லேப்டாப் வாங்குகிறவருக்கு ஒரு கையேடாவது கிடைக்கும். நமக்கு அடியில் இருக்கிற ஸ்டிக்கரையும் சுரண்டிவிட்டுத்தான் தருகிறார்கள்.

எல்லாவற்றையும்விட வயிறு எரிவது கம்பெனிகளிலிருந்து கழித்துக் கட்டிய லேப்டாப்பில். உள்ளே இருக்கிற வெப்கேமையே, விண்டோஸுக்கு முன்னால் ஓடுகிற பயாஸில் அணைத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருப்பார்கள். கடைக்காரர் விண்டோஸைப் புதிதாக ஏற்றி, மூடியைப் பளபளவென்று துடைத்து, விற்றுவிடுவார். விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் கேமரா என்ற வரியே இருக்காது. போன் போட்டால் "டிரைவர் போடுங்க சார்." இல்லாத கேமராவுக்கு எந்த டிரைவரைப் போட? மதர்போர்டில் இருக்கிற குட்டி சிமாஸ் பேட்டரியைக் கழற்றினால் பாஸ்வேர்டு போய்விடும் என்று யூடியூபில் ஒருவர் அளக்கிறார். பிசினஸ் மாடல்கள் பலவற்றில் அந்தப் பாஸ்வேர்டு தனி சிப்பில் உட்கார்ந்திருக்கிறது, பேட்டரியைப் பிடுங்கினாலும் அசையாது. அதைத் திறக்கத் தெரிந்த ஐடி ஆள் எந்த ஊரில், எந்த கம்பெனியில் இருக்கிறாரோ!

விற்பதற்கு முன் ஒரு வெப்கேமை எடுத்து ஒவ்வொரு போர்ட்டிலும் மாட்டி, படம் வருகிறதா என்று காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ குடிக்கிற நேரம். அதைக் கேட்டால் முறைக்கிறார்கள். "சார், செகண்ட் ஹேண்டுக்கு செக்கிங் வாரண்டி மட்டும்தான்."

அதைத்தானே ஐயா கேட்கிறேன், செக் பண்ணிக் காட்டு!